நாங்கள் அமைத்த சின்னஞ்சிறு ஷெல்

"ஷெல்" என்றவுடன் தோழியர் பலருக்குக் கடற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சல்தான் நினைவுக்கு வரும். நாங்கள் கூறப்போவதோ கணிப்பொறியின் ஷெல். நாம் தட்டும் ஒரு வரிக் கட்டளையைப் படித்து, உரிய நிரலைத் தேடி இயக்கிவைக்கும் இடையாள் அது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் பார்ன் எழுதி, 1979-இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஷெல்லின் இலக்கணத்தையே இன்றைய பாஷும் பெரும்பாலும் பின்பற்றுகிறது.

அவ்விலக்கணப்படி ஒரு மாறிக்கு மதிப்பிருத்தும்போது சமக்குறியின் இருபுறமும் இடம் விடலாகாது. ஏஜ்=12 என்றால் ஏற்கும். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, கணக்கு நோட்டில் எழுதும் வழக்கப்படி ஏஜ் = 12 என்று தட்டினாள். "கட்டளை காணப்படவில்லை" என்று பதில் வந்தது. "அக்கா, என் வயதைத்தானே சொன்னேன்? எதைக் காணோம் என்கிறது?" என்றாள். கேள்வி நியாயமானதே!

ஷெல் இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வரியைத் துண்டாக்கும். முதல் துண்டு கட்டளை. மற்றவை அதற்குக் கொடுக்கும் தகவல்கள். ஆகவே ஏஜ் என்றொரு நிரலைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறது. சமக்குறிக்குப் பின்னால் மட்டும் இடம் விட்டாலோ, 12 என்ற கட்டளையைக் காணோம் என்று முறையிடும்.

தமிழ்ச் சொற்களால் இயங்கும் ஒரு சிறு ஷெல்லைப் பைத்தான் மொழியில் எழுதப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் நாங்கள் நால்வர் முனைந்தபோது, இதுவே முதல் சண்டையாயிற்று. "இடைவெளியை அனுமதித்தால் போயிற்று" என்றாள் ஒருத்தி. "அப்படியானால் எக்கோ = 12 என்னாகும்?" என்று மடக்கினாள் மற்றவள். இன்று அவ்வரி "= 12" என்று திரையில் அச்சிடும்; அனுமதித்தபின் எக்கோவே மாறியாகிவிடும். பில் ஜாய் எழுதிய சி ஷெல்லும், 2005-இல் வந்த ஃபிஷ்ஷும் "செட்" என்ற சொல்லை முன்னே நிறுத்தி இச்சிக்கலைத் தீர்த்தன. நாங்களும் அவ்வழியே சென்று "வை வயது = 14" என்று அமைத்தோம். தமிழில் வினை இறுதியில் அல்லவா வரும் என்று கேட்பீர்கள். முதற்சொல்லே கட்டளை என்ற ஒரே விதி போதும் என்பதால் தமிழ் இலக்கணத்தைச் சற்றே விட்டுக்கொடுத்தோம்.

பாஷில் மாறியின் பெயர் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே அமையலாம். எங்களுக்கோ தமிழ்ப் பெயர் வேண்டும். ஒரு சொல் எழுத்துகளால் ஆனதா என்று அறியப் பைத்தானில் இஸ்ஆல்பா என்றொரு சோதனை உண்டு. "வயது" என்று கொடுத்தால் "இல்லை" என்கிறது! "து"வில் உள்ள உகரக் குறியை யூனிகோடு எழுத்துகளோடு சேர்க்காமல் குறிகளோடு வைத்திருப்பதே காரணம். இஸ்ஐடென்டிஃபையர் என்ற வேறொரு சோதனை "வயது"வைத் தடையின்றி ஏற்கிறது.

பெரிய சண்டை, அறியாத சொல்லைப் பற்றியது. பழைய டாஸ் "கெட்ட கட்டளை" என்று பழிக்கும். பார்ன் வழி வந்த ஷெல்கள் காணவில்லை என்று கூறி, 127 என்ற எண்ணை விட்டுச் செல்லும். பாஷ் 2009-இல் வந்த நான்காம் பதிப்பில், அறியாத சொல்லை நாம் எழுதும் ஒரு செயற்கூறிடம் ஒப்படைக்க வழி செய்தது. (எல்எஸ் என்பதை எஸ்எல் என்று தவறித் தட்டுவோருக்காக, திரையில் புகைவண்டி ஓட்டும் நிரல் ஒன்றும் உண்டு. எங்கள் கூடத்தில் அதற்கு இரசிகைகள் ஏராளம்.)

"ஓரெழுத்துப் பிழையென்றால் ஷெல்லே திருத்தி இயக்கிவிடட்டுமே, சின்னப் பிள்ளைகள் பயப்படமாட்டார்கள்" என்று ஒருத்தி பரிவுடன் வாதாடினாள். நாங்களும் ஏறக்குறைய இசைந்துவிட்டோம். அப்போது ஒருத்தி கரும்பலகையில் இரு சொற்களை எழுதினாள்: அளி, அழி. எங்கள் ஷெல்லில் "அழி" உண்டு, "அளி" இல்லை. கட்டுரையைக் கொடு என்னும் பொருளில் ஒரு சிறுமி "அளி கட்டுரை" என்று தட்டினால், பரிவுள்ள ஷெல் கட்டுரையை அழித்துவிட்டு அல்லவா நிற்கும்!

ஆகவே எங்கள் ஷெல் இப்போது, "அளி என்பதை நான் அறியேன். அழி என்றொரு கட்டளை உண்டு, அது கோப்பை நீக்கிவிடும்" என்று மட்டும் சொல்லி, கை கட்டி நிற்கிறது. "அழி" என்ற பெயரையே "நீக்கு" என்று மாற்றிவிடலாமா என்பதில் மட்டும் இருவர் அப்பக்கம், இருவர் இப்பக்கம்.