ஒரு கை அளவு ரப்பர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காரை 'மாடிஃபை' செய்யும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கை மகனிடம் 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. கம்பெனி கொடுத்த டார்க் 190 நியூட்டன் மீட்டர். அது போதாதென்று ரீமேப் செய்து ஏற்றிவிட்டான். லோயரிங் ஸ்பிரிங் போட்டு வண்டியை 40 மி.மீ. இறக்கியும் விட்டான். டயர் மட்டும் பழைய 165/80 ஆர்14. மழையில் கொல்லிமலை ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்க முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது, வண்டி நகர மறுக்கிறது. "17 இஞ்ச் அலாய் போட்டு 205 டயர் மாட்டிட்டா சரியாப் போயிருமுங்க மாமா. 60,000 ஆகுமுங்க" என்று வந்து நின்றான். அந்த வண்டியில்தான் என் தங்கையும் அவள் பேத்தியும் மலைக்குப் போய் வருகிறார்கள். உன் இஷ்டம் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

இயற்பியல் வாத்தியாராயிற்றே, ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆட்களோடு வண்டி 1,300 கிலோ. டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 2.1 கிலோ. வகுத்தால் 619 சதுர செ.மீ. அதை நான்கு டயருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் 155. விரல்களோடு சேர்த்து ஒரு கை அளவு! ரோட்டைத் தொடுவது அவ்வளவுதான். காற்று அதே அளவில் இருந்தால் அகல டயரிலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும்.

"அப்ப அகலம் போட்டா ஒண்ணுமே இல்லீங்களா?" என்றான். பயன் உண்டு. உராய்வு பரப்பைப் பொறுத்ததல்ல என்று நடத்தும்போதெல்லாம், ரேஸ் கார் டயர் மட்டும் ஏன் சார் அவ்வளவு அகலம் என்று ஒரு பையனாவது எழுந்து கேட்பான். அந்த விதி கட்டைக்கும் இரும்புக்கும் நன்றாகப் பொருந்தும். ரப்பர் மெத்தென்று ரோட்டின் பொடிக்கற்களைக் கவ்விப் பிடிப்பது. அகலம் இருந்தால் மிருதுவான ரப்பரைச் சூடேறிக் கெடாமல் பயன்படுத்தலாம், வளைவில் பிடிப்பும் கூடும். ஆனால் தண்ணீர் தேங்கிய ரோட்டில் அகல டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். நம் பிரச்சினையோ மழையில்தான்.

சக்கரம் சுற்றுவதற்குக் காரணம் வேறு. ஏற்றத்தில் பாரம் பின்னால் போகிறது, இழுப்பதோ முன்சக்கரம். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் பாரத்தை வாங்கிக்கொள்ள, உள்சக்கரம் லேசாகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்கைத்தான் அனுப்பும். லேசான சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் மற்றதுக்கும் பலம் போகாது.

குனிந்து டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 2317. 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் பாக்கி இருந்தாலும் ரப்பர் நகம் பதியாத அளவு இறுகிவிட்டது. உள் ஓரம் மட்டும் மொட்டை. இதைப் பார்க்காமல் 60,000 ரூபாய்க் கணக்கு!

உள் ஓரம் தேய்ந்தது வண்டியை இறக்கியதால். அப்படி இறக்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும், அது கேம்பர். டை ராடின் கோணமும் மாறி, சக்கரங்கள் புறா நடை போலவோ வாத்து நடை போலவோ திரும்பிக்கொள்ளும், அது டோ. அவன் போன கடையில் ஸ்டியரிங்கை மட்டும் நேராக்கி, காசு வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். வேறு கடைக்குக் கூட்டிப் போனேன். அலைன்மென்டுக்கு முன் பால் ஜாயின்ட், டை ராட் எண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒன்றில் இருந்தது, மாற்றினோம். இந்த வண்டியில் முன்பக்கம் டோ மட்டும்தான் நேரடியாகத் திருத்த முடியும், கேம்பருக்குத் தனியாகக் கேம்பர் போல்ட் போட வேண்டும். போட்டோம். முன்னும் பின்னுமான அளவுகளைப் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் ஸ்கிரீனில் பச்சை காட்டி அனுப்பிவிடுவார்கள்.

டயர் அளவு? இதே வண்டியின் உயர்ந்த வேரியன்டுக்குக் கம்பெனியே கொடுத்த 185/65 ஆர்15. மொத்த விட்டத்தில் பழையதைவிட 2 மி.மீ.தான் வித்தியாசம். அவன் கேட்ட 205/40 ஆர்17 என்றால் விட்டம் 24 மி.மீ. குறையும், ஏற்கனவே இறக்கிய வண்டி இன்னும் 12 மி.மீ. இறங்கும். பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 82 ஆகும். நம்ம ஊர்க் குழியில் ரிம் என்ன கதியாகும்?

நான்கையும் சேர்த்தே மாற்றினோம். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள். நாமக்கல்லில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் முன்டயர் வழுக்கினால் ஆக்சிலரேட்டரைக் குறைத்துச் சமாளித்துவிடலாம், பின்டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

போன வாரம் மழையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து செம்மேடு வரை 70 வளைவும் ஏறினோம். இரண்டு இடத்தில்தான் சக்கரம் சுற்றியது, அதுவும் அவன் அவசரப்பட்டு மிதித்தபோது. ரீமேப்பை எடுத்துவிடு என்றேன். "பாக்கலாமுங்க மாமா" என்றான். இன்னும் எடுக்கவில்லை.