பந்து கிழிக்கும் கோடு

போலோ பார்க்கப் போகிறவர்கள் பந்தைத் தேடியே களைத்துப்போகிறார்கள். 300 கஜ நீள மைதானம், எட்டுக் குதிரைகள், அவற்றின் கால்களுக்கிடையே எங்கோ ஒரு சின்ன வெள்ளைப் பந்து. அதை விட்டுவிட்டு அது போகிற வழியைப் பார்க்கப் பழகினால்தான் ஆட்டம் பிடிபடும்.

அடிபட்ட பந்து உருளும் திசையில் ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பில் போட்ட கோடல்ல, ஆனால் போலோவின் உயிரே அதில்தான் இருக்கிறது. பந்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை ஒட்டி வருகிறவருக்கே வழி. குறுக்கே பாய்ந்தால் ஃபவுல். பக்கவாட்டில் வந்து குதிரையோடு குதிரை உரசி அவரை நெட்டித் தள்ளலாம். ஓங்கிய மட்டையில் மட்டையை மாட்டித் தடுக்கலாம். இடக்கையால் ஆட அனுமதி இல்லாததும் இதனால்தான். எதிரெதிரே வரும் இருவரும் பந்தை வலப்பக்கமே வைத்திருந்தால் மோதாமல் விலகிப்போவார்கள். அடுத்த அடி விழுந்ததும் கோடு மாறுகிறது. நாலுகால் பாய்ச்சலில் வந்த குதிரை பின்னங்கால்களை மடக்கி, கிட்டத்தட்ட உட்கார்ந்து, அப்படியே திரும்பி மறுபடி பாய்கிறது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம்.

கோல் விழுந்ததும் அணிகள் பக்கம் மாறுவது புதிதாகப் பார்ப்பவரைக் குழப்பும். வெயிலும் காற்றும் ஒருவருக்கே துணைபோகக் கூடாதல்லவா!

அக்பரின் காலத்தில் போலோவை இரவிலும் ஆடியிருக்கிறார்கள். அவருடைய அவையில் இருந்த அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதிவைத்திருக்கிறார். பந்து புரச மரத்தில் செய்தது. லேசான மரம், தீ வைத்தால் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். மட்டைகளின் உச்சியில் பொன்னிலும் வெள்ளியிலும் குமிழ்கள். மட்டை உடைந்தால் துண்டு யார் கையில் சிக்குகிறதோ அவருக்கே சொந்தம். களத்தில் பத்துப் பேருக்கு மேல் கிடையாது. ஒரு நாழிகை ஆனதும் இருவர் ஓய்வுக்குப் போக, காத்திருக்கும் இருவர் இறங்குவார்கள். இன்று ஒரு சக்கர், அதாவது ஓர் ஆட்டச் சுற்று, ஏழு நிமிடம்தான். அன்று 24 நிமிடம். அந்த இருட்டில், பகலில் யார் கண்ணுக்கும் தெரியாத கோட்டை நெருப்பே இழுத்துக் காட்டியிருக்கும். அதைப் பார்த்தவர்கள்மீது எனக்குப் பொறாமை உண்டு. நெருப்பைக் கண்டால் மிரளும் விலங்கை அதன் பின்னாலேயே ஓடப் பழக்கியவர்கள் யாரோ! அவர்களுடைய பெயர்களையும் அபுல் ஃபசல் எழுதியிருக்கக் கூடாதா?

குதிரைக்காரர்களை விடுங்கள், குதிரைகளையே மறந்துவிட்டோம். ஆங்கிலேயர் போலோவைக் கற்றது மணிப்பூரிகளிடம். 1859இல் சில்சாரில் கிளப் தொடங்கினார்கள். மணிப்பூரிகளின் அந்த ஆட்டமான சகோல் காங்ஜையில் பக்கத்துக்கு ஏழு பேர், மூங்கில் வேர்ப் பந்து. கோல் கம்பம் கிடையாது, எல்லைக்கோட்டைப் பந்து தாண்டினாலே கோல். அதில் ஓடும் மணிப்பூரி மட்டக்குதிரைகள் இன்று ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். அவை மேய்ந்த சதுப்பு நிலங்கள் சுருங்கச் சுருங்க, இம்பால் தெருவோரக் குப்பையைக் கிளறித் தின்கின்றன. நினைத்தால் வயிறு எரிகிறது.