கிடங்கின் இலக்கம்

சங்கத்தின் மாத இதழில் கணிப்பொறியின் பழுதைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வியக்கக்கூடும். கேரளத்துப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குத் தகவல் தொழில்நுட்பமும் ஒரு பாடம். அதற்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. அது லினக்ஸில் இயங்கும் பொறிகளில் நடைபெறுகிறது. ஆகவே, ஊரில் விண்டோஸ் மட்டும் பழகிய நம்மவர், இங்கு வந்தபின் பிள்ளைகளின் பொருட்டு லினக்ஸையும் வீட்டிற்குள் அழைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. நாமும் அழைத்தோம். கைட் நிறுவனம் உபுண்டுவை அடியாகக் கொண்டு பள்ளிகளுக்கென அமைத்த பதிப்பை, கைமாற்றாக வாங்கிய ஒரு பொறியில் நிறுவினோம். அதன் நினைவகம் 2 ஜிபி.

அப்பொறியில் பாடங்களினும் அருமையானது ஒன்று இருந்தது. நம் தந்தையார் 1958இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கெழுதியவர். கடைசிக் காலத்தில் அந்நாட்களை அவர் சொல்லச் சொல்ல, நம் மகள் இரண்டு கோடை விடுமுறைகளில் தமிழில் தட்டச்சு செய்தாள். மொத்தம் எண்பது பக்கம். வேறெங்கும் பிரதி இல்லை. அது நம் அசட்டை.

சென்ற மழைக்காலத்தில் பொறி நோய்ப்பட்டது. தொடக்கத் திரையில் ஒன்றரை நிமிடம் அசையாது நிற்கும், பின்னர் எழும். மூன்று நான்கு சாளரங்களைத் திறந்தால் உலாவி சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகும். பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றோம். “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால்தான் சரிவரும்” என்றார். அழிப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் பொறியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினோம். முதலில் பிரதி எடுத்திருக்கலாமே என்பீர்கள். பதறியவனுக்கு அது தோன்றுவதில்லை.

இங்கே பஜார் ரோட்டை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். முன்கட்டில் கடை, பின்னே காயலை ஒட்டி, இவ்வூரார் பாண்டிகசாலை என்று சொல்லும் கிடங்கு. இன்று விற்பதற்கு வேண்டிய மூட்டைகள் முன்கட்டில் இருக்கும். உடனே தேவைப்படாதவை கிடங்கிற்குப் போகும். கணிப்பொறியில் நினைவகமே முன்கட்டு. வன்தட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதி கிடங்கு; அதைத்தான் ஸ்வாப் என்கிறார்கள். லினக்ஸ் தோன்றிய மறு ஆண்டே, 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில், இவ்வசதி சேர்ந்துவிட்டது. கிடங்கு இல்லாத கடையில் முன்கட்டு நிரம்பினால் என்ன ஆகும்? லினக்ஸின் கெர்னல் ஏதேனும் ஒரு பெரிய வேலையைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். உலாவி மறைந்த மர்மம் இதுதான்; பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது நினைவகம் தீர்ந்ததென்றே எழுதியிருந்தது.

ஆனால் நம் பொறிக்குக் கிடங்கு இருந்ததே! ‘ஃப்ரீ’ என்ற கட்டளையை இட்டோம். ஸ்வாப் என்ற வரியில் பூஜ்யம். ‘ஸ்வாப்ஆன்’ கட்டளையும் ஒன்றையும் காட்டவில்லை. துப்புக் கொடுத்தது வேறொன்று. மே மாதம் மதுரையிலிருந்து வந்த அண்ணன் மகன், அன்பின் மிகுதியால், அதே பொறியில் இன்னொரு லினக்ஸையும் பக்கத்தில் நிறுவிவிட்டுப் போயிருந்தான். அது மட்டும் ஒரு குறையுமின்றி ஓடிற்று. இரும்பு ஒன்றே, ஒரு குடித்தனம் சுகமாயும் மற்றொன்று நோயாயும் இருப்பானேன்?

அந்த இரண்டாவது லினக்ஸில் அமர்ந்துதான் நாம் பெரும் பிழை செய்யவிருந்தோம். ஸ்வாப்பைப் புதிதாக அமைத்துவிடுங்கள் என்று நண்பர் ஒருவர் ‘எம்கேஸ்வாப்’ என்ற கட்டளையை எழுதித் தந்திருந்தார். அவர் தம் பொறியை மனத்தில் வைத்து எழுதிய பகுதியின் எண் ஆறு. நாம் அதை அப்படியே தட்டி முடித்து, விரலை என்டர் விசையின் மேல் வைத்த நேரம், மகள் கையைப் பிடித்தாள்.

“அப்பா, ஆறாவது பகுதியில்தான் தாத்தா இருக்கிறார்.”

அந்த லினக்ஸிலிருந்து பார்க்கையில் ஆறாவது பகுதி திறந்திருக்கவில்லை. ஆகவே கட்டளை தடையின்றி ஓடி, எண்பது பக்கத்தின் மேலேயே கிடங்கு கட்டியிருக்கும். அன்றிரவே முதல் வேலையாகப் பிரதி எடுத்தோம்.

உண்மையான காரணம் மறுநாள் புலப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்ற நீண்ட இலக்கம் உண்டு. எந்தப் பகுதியை எதற்கு எடுப்பது என்று, எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் அவ்விலக்கத்தால் குறித்திருக்கும். இரண்டாவது லினக்ஸை நிறுவுகையில் ஸ்வாப் பகுதி மறுபடியும் வடிவமைக்கப்பட்டுப் புதிய இலக்கம் பெற்றுவிட்டது. பழைய லினக்ஸோ பழைய இலக்கத்தைத் தேடி, ஒன்றரை நிமிடம் வாசலில் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பிற்று. தந்தையாரின் பக்கங்களிலும் இப்படியொரு பையன் வருகிறான். முதலாளி கிடங்கை மாற்றியதைச் சொல்ல மறந்துபோக, பூட்டிய கதவின் முன் மழையில் நின்று திரும்பிய பையன்.

‘பிஎல்கேஐடி’ கட்டளை காட்டிய புதிய இலக்கத்தை எஃப்எஸ்டேப்பில் எழுதினோம். உறக்கநிலையிலிருந்து எழுவதற்கான வேறொரு கோப்பிலும் பழைய இலக்கமே இருந்தது. அதையும் மாற்றி, தொடக்கப் படிமத்தை மறுபடி உருவாக்கிய பின்னரே தொடக்கம் முற்றும் சீரடைந்தது. இரண்டு லினக்ஸும் ஒரே ஸ்வாப்பைப் பகிரலாம். ஆனால் ஒன்றை உறக்கநிலையில் விட்டு மற்றொன்றைத் திறக்கலாகாது. உறங்குபவரின் நினைவு முழுவதும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறது. வந்தவர் தம் மூட்டையை அதன் மேல் இறக்கிவிடுவார்.

உலாவி இப்போது மறையவில்லை. ஆனால் பொறி இழுத்து இழுத்து ஓடியது. ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள இரு நிரல்களிலும் எண்கள் ஓயவேயில்லை. பையன் நாள் முழுதும் மூட்டை சுமந்தால் வியாபாரம் எப்போது நடப்பது? வன்தட்டு நினைவகத்தினும் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. கிடங்கைப் பெரிதாக்கி அதற்கு ஈடுசெய்ய இயலாது. இன்னும் 2 ஜிபி நினைவகம் வாங்கிப் பொருத்தினோம்.

மகள் செய்முறைத் தேர்வை முடித்துவிட்டாள். எண்பது பக்கங்களும் இன்று மூன்று இடங்களில் உள்ளன. ஒரு பிரதி மதுரையில், அந்த அண்ணன் மகனிடம்.