ஓவியம் மாட்டும் சுவர்

சுண்ணாம்புச் சுவர் வேர்க்கும். செட்டிநாட்டுப் பூச்சுவேலைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கடைசிப் பூச்சைக் கரணையால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க உள்ளிருக்கும் ஈரம் முத்து முத்தாக மேலே வருகிறது. பழைய வேட்டித் துணியால் அதை ஒற்றியெடுத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். வேர்ப்பது நிற்கும்வரை கையும் நிற்கக் கூடாது.

சென்னையின் தென்பகுதியில், கடலைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் இந்த வேலையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஓவியம் சேர்ப்பவர். பணிக்கர், சந்தானராஜ், ஆதிமூலம் என்று, 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமம் உருவானபோது சென்னையில் இயங்கிய தலைமுறையின் படைப்புகளே அவரிடம் அதிகம். படங்களெல்லாம் மரப்பெட்டிகளில் வேறொரு இடத்தில் காத்திருந்தன. சுவர் காய்ந்த பிறகுதான் அவை இங்கு வரும்.

இப்படிப்பட்ட வீடுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் படங்களில் சோபாவும் விளக்கும் ஓவியமும் தெரியும். சுவர் தெரியாது. நான் அந்தச் சுவருக்காகவே போனேன்.

மேஸ்திரி காரைக்குடிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குபவர். அவர் வந்ததும் முதலில் செய்தது, கட்டுநர் பூசிவைத்திருந்த சிமென்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்ததுதான். சிமென்ட் மேல் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது; பிடித்தாலும் உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியிருக்காது. பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து முதல் பூச்சு. குழைக்கும் தண்ணீரில் கடுக்காயும் வெல்லமும் ஊறியிருந்தன. வெல்லம் கலவையை இளக்கமாக வைத்திருக்கும். கடுக்காய் இறுக்கம் கொடுக்கும். அடுத்தடுத்த பூச்சுகளில் மணல் நைசாகிக்கொண்டே போகும். கடைசிப் பூச்சில் மணலே இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு, வெள்ளைக்கல் மாவு, முட்டையின் வெள்ளைக்கரு. பூஜையறைச் சுவருக்கு மட்டும் முட்டை வேண்டாமென்று வீட்டுக்காரரின் தாயார் சொல்லிவிட்டதால் அங்கே தயிர்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைப்பது மூன்று பெண்கள். ஒரு காலத்தில் மாடு பூட்டிய செக்கு செய்த வேலையை இப்போது பால்கனியில் ஓடும் வெட் கிரைண்டர் செய்கிறது. விரலிடுக்கில் எடுத்து நசுக்கிப் பார்த்து, நறநறப்பு துளி இருந்தாலும் மறுபடி கல்லில் தள்ளினார்கள். சுண்ணாம்பு தோலை அரித்துவிடும். வேலைக்கு முன்னும் பின்னும் கைநிறையத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டும் அவர்களின் விரல் நுனிகள் வெடித்திருந்தன. உறை போட்டால் பதம் தெரியாது என்றார் ஒருவர். “கரணை பிடிச்சுப் பாத்திருக்கீங்களா அக்கா?” என்று அவரிடம் கேட்டேன். “யாரு குடுத்தா?” என்றார். சுவரின் வழுவழுப்பு அந்த மாவின் நைசில்தான் பாதி இருக்கிறது. ஆனாலும் அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சித்தாள் கூலியிலேயே நிற்கிறார்கள். இதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

செட்டிநாட்டுப் பூச்சுக்குப் பேரே அதன் பளபளப்பால்தான். வழவழப்பான கூழாங்கல்லைக் கொண்டு தேய்த்து முடித்தால் சுவரில் முகம் பார்க்கலாம். ஆனால் இந்த வீட்டின் உள் அலங்காரத்தைச் செய்யும் இளம் வடிவமைப்பாளருக்கு அந்தப் பளபளப்பு வேண்டாம். படத்தின் மேல் விழும் விளக்கு பக்கத்துச் சுவரிலும் மின்னினால் கண் அங்கேதான் போகும், படத்துக்கு வராது. மேஸ்திரிக்கு இது எளிதில் ஒப்பவில்லை.

“பாதியில விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லுவாங்களே மேடம்.”

“படம் மாட்டினதுக்கப்புறம் வந்து பாருங்க மேஸ்திரி. அப்புறமும் பிடிக்கலைன்னா கல்லு போட்டுடலாம்.”

முன்வாசல் தூண் இரண்டையும் முழு மெருகில் முடிப்பது, படச் சுவர்களைக் கல் போடுவதற்கு முன்பே நிறுத்திவிடுவது என்று பேச்சு முடிந்தது.

வேலை தொடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. முழு மெருகு வரைக்கும் போவதில் ஒரு வசதி உண்டு. முந்திய கையும் பிந்திய கையும் கடைசியில் ஒரே பளபளப்பில் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் நிறுத்துவதென்றால் கரணை பிடிக்கும் நான்கு பேரும் ஒரே அழுத்தத்தில், ஒரே பதத்தில் நிறுத்தியாக வேண்டும். ஒருவர் இரண்டு இழுப்பு கூட இழுத்துவிட்டால் அந்த இடம் மட்டும் திட்டாக மின்னும். இருட்டியதும் மேஸ்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒளியை நீளவாக்கில் ஓடவிட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் உள்ளங்கையளவு மின்னியது. அந்தச் சுவரின் கடைசிப் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்கச் சொன்னார். திட்டை மட்டும் திருத்தினால் ஒட்டு தெரியுமாம். யாரும் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடிபோல் மினுங்கும் தூணைவிட, கண்ணை எங்கும் நிறுத்தாத இந்தச் சுவரே பெரிய வேலை என்று எனக்குப் பட்டது.

ஓவியங்களுக்கு இடம் ஒதுக்கியதில் கடலுக்குப் பெரிய பங்கு உண்டு. காலை வெயில் நேராக உள்ளே வருகிறது. காகிதத்தில் தீட்டியவற்றுக்கு 50 லக்ஸ் ஒளிக்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. எண்ணெய் ஓவியம் 200 வரை தாங்கும். அதனால் ஆதிமூலத்தின் மைக்கோடுகள் ஜன்னலே இல்லாத உள் நடைக்குப் போகின்றன. உப்புக்காற்றின் குளோரைடு செம்பை அரித்துப் பச்சைப் பொடியாக்கும் என்பதால் வெண்கலச் சிற்பங்களுக்குப் பால்கனியோரம் கிடையாது.

சுவருக்கும் படத்துக்கும் ஒரு பிணக்கும் இருக்கிறது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். படத்துக்கோ ஈரம் ஆகாது. கித்தானின் முதுகில் பூஞ்சை பிடித்துவிடும். ஏ.சி.யை ஓட்டிச் சீக்கிரம் உலர்த்தலாமா என்று மின்வேலைக்காரர் கேட்டபோது, “மேலாக்க காஞ்சு வெடிச்சிரும் தம்பி” என்று மேஸ்திரி தடுத்துவிட்டார். வீட்டுக்காரர் குடிபுகும் நாளைத் தள்ளிவைத்தார். செலவை எவ்வளவு கூட்டினாலும் சுண்ணாம்பு அவசரப்படாது என்பதை அவர் புரிந்துகொண்டதில் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

இந்தச் சுவரில் ஆணியும் அடிப்பதில்லை. கூரையோரம் அலுமினியத் தடம் ஓட்டி, அதிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியில் படத்தைத் தொங்கவிடுகிறார்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் படத்துக்குப் பின்னால் காற்று நடமாட இடம் கிடைக்கும்.

வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒரு கோப்பு இருக்கிறது: யார் தீட்டியது, எந்த ஆண்டு, எங்கே வாங்கியது. சுவருக்கும் ஒன்று போடுங்கள் என்று கேட்டேன். நாளைக்கு ஒரு மூலை பெயர்ந்தால் இதே கலவையை இதே ஆட்களைத் தேடித்தானே கேட்க வேண்டும்? அவர் உடனே ஒப்புக்கொண்டார். வடிவமைப்பாளர் மடிக்கணினியைத் திறக்க, மேஸ்திரி கலவைக் கணக்கைச் சொன்னார். ஆட்கள் பெயர் கேட்டபோது நான்கு ஆண்களைச் சொல்லி நிறுத்தினார். அரைத்தவர்கள்? ஒரு கணம் பார்த்துவிட்டு, பால்கனிப் பக்கம் திரும்பி மூவரையும் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டார். முழுப்பெயரை அவர்களே சொன்னார்கள். பராமரிப்புக் குறிப்பையும் மேஸ்திரியே சொல்லி எழுதவைத்தார்: பிளாஸ்டிக் பெயின்ட் பூசக் கூடாது, ஆசிட், எலுமிச்சை, புளி எதுவும் படக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.