கிடை போன பிறகு

சிலைமானைத் தாண்டி வைகைக் கரையோரம் எங்களுக்குச் சிறிது வயல் உண்டு. அறுவடைக்குப் பின் அதில் புலிக்குளம் மாடுகளைக் கிடை போடுவது தாத்தா காலத்து வழக்கம். (சல்லிக்கட்டில் நாம் கைதட்டும் காளைகள் பலவும் இத்தகைய மந்தைகளில் பிறந்தவையே.) அவ்வாண்டும் பத்து இரவுகள் மந்தை தங்கிற்று.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஜெர்சிக் கலப்புப் பசு தீவனத்தைத் தொடவில்லை. உடல் கொதித்தது, இமையின் உட்புறம் மஞ்சளித்திருந்தது. காமாலை என்று முடிவுகட்டி மூன்று நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். நான்காம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியபோதுதான் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் காது நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தீற்றி, ஜீம்சா சாயமேற்றி, நுண்ணோக்கியில் எங்களையும் பார்க்கச் செய்தார். இளஞ்சிவப்பு வட்டங்களுக்குள் ஊதா நிறத்தில், கூர்முனைகள் ஒட்டிய இரட்டைப் பேரிக்காய்கள். பபீசியா. சிவப்பணுக்களை உடைத்து அவற்றின் நிறத்தையே சிறுநீரில் இறக்கிவிடும் ஒட்டுண்ணி, பரப்புவது உண்ணி. ஊசி போடப்பட்டது. அன்றிரவே பசு போய்விட்டது. காய்ச்சல் கண்ட அன்றே அந்தச் சொட்டை எடுத்திருக்கலாம்.

எங்கள் கோபம் கிடைக்காரர் மீது திரும்பியது. "எங்க மாடு ஒண்ணுகூடப் படுக்கலையேய்யா" என்றார் அவர். உண்மைதான், சிக்கலும் அதில்தான். நாட்டு மாடுகள் பெரும்பாலும் கன்றுப் பருவத்திலேயே இக்கிருமியைச் சந்தித்துத் தாங்கிக்கொள்கின்றன. பின்பு நோயின்றிச் சுமக்கின்றன. அவற்றின் இரத்தத்தில் அது மிகச் சொற்பமாதலால் நுண்ணோக்கிக்கு அகப்படாமலும் போகும், பி.சி.ஆர். சோதனை வேண்டும்.

தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பின்னர் படித்தபோது, எங்கள் வயலையே கண்டதுபோல் இருந்தது. தெற்கிலிருந்து வந்த டெக்சாஸ் மாடுகள் நலமாயிருக்க, அவை நடந்த புல்வெளியில் பின்னால் மேய்ந்த வடக்கத்திய மாடுகள் சில வாரங்களில் மடிந்தன. உதிர்ந்த பெண் உண்ணி மண்ணில் முட்டையிடும். கிருமி முட்டைக்குள்ளும் செல்லும். குஞ்சுகள் புல்நுனியில் காத்திருக்கும். கணக்குப் பார்த்தால் இரண்டு மாதம் பொருந்தத்தான் செய்கிறது. ஆயினும் எங்கள் பசுவைக் கடித்த உண்ணி அம்மந்தையினதுதான் என்பதற்குச் சான்றில்லை. பக்கத்து வீட்டு மாட்டினதாகவும் இருந்திருக்கலாம்.

மறு கோடையில் கிடைக்காரர் தயங்கியபடி வாசலில் நின்றார். வயலைக் கொடுத்தோம். புதுப் பசுவை மட்டும் அப்பக்கம் மேயவிடவில்லை. மாலைதோறும் அதன் மடியையும் வாலடியையும் தடவி உண்ணி பார்க்கிறோம்.