அமானிதமாக வந்த கிதார்

செம்புக் கம்பியும் காந்தமும் சேர்ந்தால் என்னென்ன நிகழும் என்பதை முப்பத்து மூன்று ஆண்டுகள் தொழிலாகவே செய்து அறிந்தவன் நான். குன்னூருக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மின்பிரிவில் எனக்கு வேலை. எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவதே என் அன்றாடப் பணி. இலை வாட்டும் தொட்டியின் மின்விசிறி, இலை உருட்டும் இயந்திரம், தூள் சலிக்கும் சல்லடை என எதன் மோட்டார் நின்றாலும் இரவு பகல் பாராமல் அழைப்பு வரும். அதே செம்பும் காந்தமும் ஓர் இசைக்கருவிக்குள்ளும் குடியிருக்கின்றன என்பது, 2017ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பிறகே, என் மகன் வழியாக எனக்குத் தெரிய வந்தது.

எங்கள் எஸ்டேட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர். இளமையில் மலைக் கிளப்புகளில் சனிக்கிழமை இரவுகளில் கிதார் வாசித்தவர். என் மகன் பள்ளிச் சிறுவனாக இருந்த நாளிலிருந்தே மாலைதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கற்றுக்கொண்டான். 2018இல் அப்பெரியவர் ஆஸ்திரேலியாவிலுள்ள தம் மகளிடம் போய்ச் சேர்ந்தார். புறப்படுமுன், 1960களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட தம் மின்கிதாரை என் மகன் கையில் கொடுத்து, "இதை வாசி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதே" என்றார். விலை பேசவில்லை, வேறு நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. 2021இல் அவர் காலமானார் என்ற செய்தி வந்தது.

அவர் அதை உடன் கொண்டு போகாததற்கு ஒரு காரணம் உண்டு. அதை விளக்கினால் நம் மலையின் கதையும் சற்று விளங்கும்.

கிதாரின் கழுத்தில், விரல் பதியும் இடத்தில் ஒரு மெல்லிய பலகை ஒட்டப்பட்டிருக்கும். இழைப்புக்கும் தேய்மானத்துக்கும் ஈடுகொடுக்கும் கடினமான மரம் அதற்கு வேண்டும். நெடுங்காலம் அமெரிக்கக் கம்பெனிகள் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தையே இதற்கு விரும்பின. 1960களின் இறுதியில் பிரேசில் மரத்தடி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, அந்த இடத்தைப் பிடித்தது இந்திய ரோஸ்வுட். அது வேறொன்றுமன்று, நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கும் மரமே. உதகையின் குளிரில் அது வளராது. மலையிறங்கிக் கூடலூர், பந்தலூர், முதுமலைப் பக்கம் போனால் அதைக் காணலாம். நம் பாட்டன்மார் கட்டிலும் அலமாரியும் செய்த மரம், உலகெங்கும் கிதார் வாசிப்போரின் விரலடியில் போய் அமர்ந்தது. வெட்டு மிகுந்ததால், 1990களின் நடுவில் தமிழ்நாடு அரசு ஈட்டி மரத்துக்கெனத் தனிப் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்தது. பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி அதை வெட்டக்கூடாது என்று விதித்தது.

பிரேசில் மரமோ 1992இலேயே அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. 2017இல் ஈட்டியும் அதன் இனத்து மரங்கள் அனைத்தும் அடுத்த நிலைப் பட்டியலில் வந்தன. இசைக்கருவி செய்வோரும் வாசிப்போரும் முறையிட்டதன்பேரில், செய்து முடித்த கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. பெரியவரின் கிதாரிலுள்ள பலகை எந்நாட்டு மரம் என்பதை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். எழுபத்தெட்டு வயதில் சுங்கச் சாவடியில் நின்று தாள்களுக்குப் பதில் சொல்ல அவர் விரும்பவில்லை.

இனி அக்கருவியின் உள்ளே பார்ப்போம். சாதாரணக் கிதாரில் கூடு ஒலியைப் பெருக்குகிறது. மின்கிதாரிலோ உடல் திண்ணமான பலகை. அதனால் தனியே உரக்க ஒலிக்க இயலாது. கம்பிகளுக்கு அடியில் 'பிக்கப்' எனப்படும் சிறு பகுதி ஒன்று இருக்கும். காந்தத் துண்டுகளைச் சுற்றித் தலைமுடியினும் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது; அந்த அசைவு செம்பில் மின்னோட்டமாகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே தத்துவம்; என் மோட்டார்களை ஓட்டிய மின்சாரம் பிறந்ததும் அதிலிருந்தே. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் இத்தகைய பிக்கப்பைக் கிதாரில் பொருத்தினார்.

ஒற்றைக் காயில் பிக்கப்பின் ஒலி தெளிவாகவும் மணி போலவும் இருக்கும். ஆனால் அது கம்பியின் அசைவை மட்டும் கேட்பதில்லை. சுற்றுப்புறத்து மின்சாரத்தையும் கேட்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் அருகில் இருந்தால் கிதாரில் 'ஹம்' என்ற இரைச்சல் எழும். எங்கள் வீடு தொழிற்சாலைச் சுவரை ஒட்டியது. இரவு ஆலை ஓடத் தொடங்கினால் மகனின் கிதாரும் முனகத் தொடங்கிவிடும். "அத்தா, உங்க மோட்டார் என் பாட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கு" என்பான்.

இதற்கு மாற்றுக் கண்டவர் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் என்ற பொறியாளர். இரண்டு காயில்களை அருகருகே வைத்து, ஒன்றை மாற்றுத் திசையில் சுற்றி, காந்தத்தின் வட தென் முனைகளையும் மாற்றி அமைத்தார். இரண்டிலும் இரைச்சல் எதிரெதிராக வந்து அழிந்துபோகும். கம்பியின் ஒலியோ ஒன்றோடொன்று கூடிவிடும். 1955இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த 'ஹம்பக்கர்' 1957முதல் கிதார்களில் வந்தது. இரைச்சல் போயிற்று, ஆனால் ஒலி தடித்து, அந்த மணியோசை சற்று மங்கிற்று. எது சிறந்தது என்று கிதார் அன்பர்கள் இன்றும் ஓயாமல் வாதிடுகிறார்கள். என் மகனும் அவன் தோழர்களும் எங்கள் வீட்டு முற்றத்தில் இதையே விடிய விடியப் பேசுவார்கள். மீன் குழம்பில் புளி எவ்வளவு என்று பெண்கள் பேசுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

விரும்பியவாறு மாற்றி அமைத்துக்கொள்வதும் இவர்களிடையே பழைய வழக்கம். 1954இல் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகளும் மூன்று நிலைச் சுவிட்சும் இருந்தன. வாசித்தவர்கள் சுவிட்சை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளை ஒன்றாக ஒலிக்கச் செய்து புதிய ஓசையைக் கண்டார்கள். 1977இல் கம்பெனியே ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தத் தொடங்கிற்று. நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்ட மேலைநாட்டு மாண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தார். கருவி இசைக்கு வளைந்து கொடுத்ததேயன்றி, இசை கருவிக்கு வளையவில்லை.

இப்போது எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தக் கிதாரின் நடுப் பிக்கப் ஊமையாகிவிட்டது. அதே மாதத்தில் என் மகளுக்குக் கோயம்புத்தூரில் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. மகன் பழுது பார்க்க வழி தேடி அங்கும் இங்கும் விசாரித்ததில், பெங்களூரில் பழைய கிதார்களைச் சேகரிக்கும் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்கே வந்தார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவர் தம் காலத்திலேயே ஐந்து நிலைச் சுவிட்சு போட்டிருந்ததைக் கண்டு சற்று முகம் சுளித்தார். இருந்தும் அவர் சொன்ன விலை, மகளின் முதலாண்டுக் கட்டணத்தைப் போல் இருமடங்கு. "ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பாய். அந்தக் காயிலைத் தொடாதீர்கள். ஊமையாக இருந்தாலும் பழைய காயில்தான் மதிப்பு" என்று கூறிச் சென்றார்.

அன்றிரவு வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. என் மனைவி, "ஒரு மரத்துண்டுக்காகப் பிள்ளையின் படிப்பு நிற்கலாமா?" என்றாள். அவள் கேட்டதில் குறை காண இயலாது. மகனோ ஒரு சொல்லும் மறுத்துப் பேசாமல், "தங்கச்சிக்காகன்னா கொடுத்துடலாம், அத்தா" என்றான். ஆனால் அவன் கை அந்தப் பெட்டியின் மீதே இருந்தது.

நான் நெடுநேரம் யோசித்தேன். கொடுத்தவர் ஒரே ஒரு சொல்லோடு கொடுத்தார்: வாசி. ஒருவர் நம்பி ஒப்படைத்ததை நாம் அமானிதம் என்கிறோம். வாங்க வந்தவருக்கோ அது ஊமையாக இருப்பதே மதிப்பு. கண்ணாடி அலமாரிக்குள் அது பத்திரமாக இருக்கும், ஆனால் ஒலிக்காது. மகளின் படிப்பும் என்மீது சுமந்த பொறுப்பே, அதுவும் அமானிதமே. ஒன்றுக்காக மற்றொன்றை விற்பதற்குமுன், இரண்டையும் காப்பாற்ற என் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முறை என்று பட்டது.

இருந்தது ஒன்றுதான். வீட்டுக் கூரைத் தகரங்களை மாற்றுவதற்காக என் பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்த தொகை. அதை எடுத்துக் கல்லூரியில் கட்டினோம். அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தார்ப்பாயின் கீழ்க் கழித்தோம். குன்னூர் மழையை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். அடுப்படியில் இரண்டு பாத்திரங்கள் எப்போதும் ஒழுக்கு நீர் பிடித்துக்கொண்டிருந்தன. மனைவி முணுமுணுத்தாலும் தினமும் அவற்றைக் கொட்டி வைத்தவள் அவளே.

பிறகு காயில் வேலையைத் தொடங்கினேன். மல்டிமீட்டரை வைத்தால், ஏறத்தாழ ஆறாயிரம் ஓம் காட்ட வேண்டிய இடத்தில் முள் அசையவில்லை. உள்ளே எங்கோ ஈரத்தில் பச்சை பூத்து அறுந்திருந்தது. மோட்டாருக்குக் கட்டும் கம்பி இதற்கு உதவாது. கோயம்புத்தூரில் ரிலே காயில் சுற்றும் கடையொன்றில் 42ஆம் கேஜ் கம்பி கிடைத்தது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. என் பழைய கைச்சுற்று இயந்திரத்திலேயே, கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டு எண்ணாயிரம் சுற்றுகள். இருமுறை நடுவில் அறுந்தது. இருமுறையும் முதலிலிருந்து தொடங்கினோம். கம்பியை நான் விரலிடுக்கில் பிடிக்க, கைப்பிடியை மகன் சுற்றினான். இருபத்தாறு வயதில் அவன் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் அமர்ந்தது அதுவே முதன்முறை.

சுற்றுமுன் ஒரு கேள்வி எழுந்தது. இருந்தவாறே சுற்றுவதா, மாற்றுத் திசையில் சுற்றுவதா? மாற்றிச் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றிவிட்டால், நடுப் பிக்கப்பை மற்றொன்றுடன் சேர்த்து ஒலிக்கும்போது ஆலை இரைச்சல் அழிந்துவிடும். தனியே ஒலிக்கையில் பழைய மணியோசை அப்படியே இருக்கும். பழமையைக் காப்பதென்றால் முதல் வழி, வாசிப்பதென்றால் இரண்டாவது. பெரியவரே சுவிட்சை மாற்றியவர் ஆயிற்றே என்று மகன் நினைவூட்டினான். இரண்டாம் வழியையே கொண்டோம். வலிய இரு காந்தங்களுக்கு நடுவே பிடித்து முனைகளை மாற்றி, சுற்றிய காயிலை இளஞ்சூடான மெழுகில் தோய்த்தெடுத்தோம். பழைய கம்பியையும் எறியவில்லை. ஒரு சிறு டப்பியில் பெயரும் நாளும் எழுதிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம். நாளை இக்கருவி யார் கைக்குப் போனாலும், என்ன செய்யப்பட்டது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

மகன் இன்று உதகையிலும் குன்னூரிலும் பிள்ளைகளுக்குக் கிதார் கற்றுத்தருகிறான். விடுமுறைக் காலத்தில் ஓட்டல்களில் வாசிக்கிறான். வருமானம் பெரிதன்று; ஆயினும் அடுத்த ஆண்டுகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு அவன் கையிலிருந்தே போயிற்று. கூரையில் பாதித் தகரங்கள் மாறிவிட்டன. மீதி மாற வேண்டும்.

இதைப் படிக்கும் பெற்றோர்களிடம் ஒன்று கூற விழைகிறேன். பிள்ளைகள் நமக்குப் புரியாத ஒரு பொருளின்மீது பற்று வைத்தால், அது வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புக் கூறுமுன், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நம் தொழிலில் ஒரு முனையும் நம் மண்ணில் ஒரு துண்டும் அதற்குள் இருக்கக்கூடும். பொருளின் மதிப்பைச் சந்தை ஒருவிதமாகச் சொல்லும். அதை நம்பிக் கொடுத்தவரின் சொல் வேறுவிதமாகச் சொல்லும். இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்வது நம் கடமை.