வெறுமையாய் வந்த பட்டியல்

சென்ற மாதம் ஓர் இரவு. நான் படுக்கைக்குச் செல்லும் வேளையில், தங்கையின் மகள் மடிக்கணினியை ஏந்தியபடி என் அறை வாயிலில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. "எல்லாம் போய்விட்டது, மாமா!" என்றாள்.

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக அவள் தன் லினக்ஸ் கணினியில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்திருந்தாள். கணினிக்குள்ளே மென்பொருளால் ஆக்கப்பட்ட இன்னொரு கணினி அது. நான்கு மாத உழைப்பு அதனுள் இருந்தது. பிரதி எதுவும் எடுத்துவைக்கவில்லை. (அதற்காக அவளைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கும் இல்லை.) அதுவரை விர்ட் மனேஜர் என்னும் சாளர மென்பொருள் வழியாகவே அதனை இயக்கிவந்தவள், அன்றுதான் முதன்முறையாக ‘விர்ஷ்’ என்ற கட்டளைக் கருவியைக் கையாண்டாள். ‘விர்ஷ் லிஸ்ட்’ என்று எழுதினாள். தலைப்பு வரி மட்டும் வந்தது, அதன்கீழ் ஒன்றுமில்லை.

முதலில் நான் அஞ்சவில்லை. அக்கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை மட்டுமே காட்டும். நிறுத்தப்பட்டவற்றையும் காண்பதற்கு ‘ஆல்’ என்பதைச் சேர்த்தல் வேண்டும். சேர்த்தோம். அப்போதும் வெறுமை! வட்டுக் கோப்பையாவது பார்க்கலாம் என்று அது இருக்கும் அடைவுக்குச் சென்றால், அனுமதி இல்லை என்றது கணினி. லினக்ஸ் முழுவதையும் மீண்டும் நிறுவட்டுமா என்று அவள் கேட்டாள். "ஒன்றையும் தொடாதே, பிள்ளை" என்றேன். என் குரலிலும் உறுதி குறைந்துதான் இருந்தது.

சற்று யோசித்தபின், ‘விர்ஷ் யூஆர்ஐ’ என்று எழுதச் சொன்னேன். கருவி எப்பகுதியோடு பேசுகின்றது என்பதை அது கூறும். விடையின் இறுதியில் ‘செஷன்’ என்றிருந்தது. அப்பொழுதுதான் விளங்கிற்று. சாதாரணப் பயனர் அழைத்தால் விர்ஷ் அவருக்கே உரிய ‘செஷன்’ பகுதியை நோக்கும். நிர்வாகி அழைத்தால் ‘சிஸ்டம்’ என்னும் பொதுப்பகுதியை நோக்கும். விர்ட் மனேஜரோ அவளுடைய இயந்திரத்தை ‘சிஸ்டம்’ பகுதியிலேயே ஆக்கியிருந்தது. ஒரே கணினியில் இரு பட்டியல்கள்! எந்தப் பட்டியல் இது என்று தலைப்பிலே ஒரு சொல் இருந்திருந்தால் இத்தனை கலக்கம் நேர்ந்திராது.

கட்டளையில் ‘சிஸ்டம்’ முகவரியையும் குறித்து மீண்டும் எழுதினாள். கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தாள். ஒரேயொரு வரி வந்தது. அவள் இட்ட பெயர். அதனருகே ‘ஷட் ஒஃப்’ என்ற நிலை.

அவள் அதனை உடனே இயக்கவில்லை. வெளிவட்டுக் கேட்பதற்காக உறங்கிக்கொண்டிருந்த தமையனின் அறைக்கதவைத் தட்ட ஓடினாள்.